ரத்தம் கொஞ்சம் கம்மி

2002 ஜனவரி 12. இரும்புச் சத்து மாத்திரை, முப்பது. 38.00
2002 ஜனவரி 12. சிவப்பு டானிக், பெரிய பாட்டில். 64.00
2003 ஜூலை 5. ஆட்டு ஈரல், அரைக் கிலோ. 55.00
2006 அக்டோபர் 21. மாத்திரை, வேறு கம்பெனி, அறுபது. 126.00
2009 மார்ச் 7. இரும்புச் சத்து ஊசி, நர்ஸ் கூலியோடு. 840.00
2012 நவம்பர் 3. பேரீச்சம்பழம் ஒரு கிலோ, மாத்திரை அறுபது. 410.00

இவை என் வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்தவை, எல்லாமும் இல்லை. முழுவதையும் கூட்டிப் பார்க்கலாம் என்று ஒருமுறை உட்கார்ந்தேன். பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை இருப்புக் கணக்கு எழுதியவன் நான். கூட்டல் போடாமல் விட்டது இந்த ஒரு கணக்கைத்தான்.

வாங்கித் தந்ததெல்லாம் என் மனைவியின் தம்பிக்கு. அவன் ரத்தத்தில் இரும்பு ஒருநாளும் குறைவாக இருந்ததில்லை. அதில் இருந்தது ஹெப்படைட்டிஸ் சி என்கிற கிருமி. வலியும் காட்டாமல் காய்ச்சலும் காட்டாமல் கல்லீரலை வருடக்கணக்கில் அரிக்கிற கிருமி அது. இருக்கிறது என்பது ரத்த வங்கிக்கு 2001-லேயே தெரியும். அவனுக்குத் தெரிந்தது 2013-இல். நடுவில் அவன் போன ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, நல்லாச் சாப்பிட்டுட்டு அடுத்த தடவை வாங்க."

அவன் லிப்ட் மெக்கானிக். தெருவில் அவனுக்கு லிப்ட்டு என்றே பெயர். என் மனைவியைத் தவிர வேறு யாரும் அவனை வேறு மாதிரிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் "தம்பி" என்பாள், கோபம் வந்தால் "டேய்". பால் போடுகிறவர் காலையில் பார்த்தால் கேட்பார்: "என்ன லிப்ட்டு, இன்னைக்கு மேலயா கீழயா?"

"ஊரையெல்லாம் பட்டன்ல மேல அனுப்பிட்டு நான் மட்டும் படியில ஏறுறேன்ணே. லிப்ட் ஓடுனா என்னை யாரு கூப்பிடுறாங்க?"

உண்மைதான். ஏழு மாடி, எட்டு மாடி என்று பழுதான லிப்ட்டுகளின் பக்கத்திலேயே படி ஏறி, மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். ஒரு கால் கொஞ்சம் குட்டை. இருந்தாலும் ஏறிவிடுவான். வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவிக் காட்டினால்தான் அக்கா தட்டு வைப்பாள். எங்கள் மாடி அறையில்தான் இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கால் ரெண்டும் ஒரே அளவா இருக்கிறவனுக்கே பொண்ணு கிடைக்கல" என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டான்.

அந்தக் கால் போனது 1984-இல். மூன்றாம் மாடியில் லிப்ட் கதவைத் திறந்து, கேபின் நிற்கிறது என்று நினைத்துக் காலை வைத்தான். கேபின் ஐந்தாம் மாடியில் இருந்தது. கீழே குழிக்குள் கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். தொடை எலும்பு இரண்டு துண்டு. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தான்.

"யார் குடுத்தாங்கன்னே தெரியாது மாமா" என்பான் என்னிடம். "மூணு பேரு. நாளைக்கு பஸ்ல என் காலை மிதிச்சாக்கூட நான் அவங்களைத் திட்டத்தான் செய்வேன். எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

திருப்பிக் கொடுக்க அவனுக்குத் தெரிந்த வழி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வங்கிக்குப் போய்ப் படுப்பது. அது ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் லிப்ட்டைப் பராமரித்ததும் அவன்தான். வேலைக்குப் போன கையோடு ரத்தமும் கொடுத்துவிட்டு வருவான். ஏற்றிக்கொண்ட ரத்தத்தில்தான் கிருமி வந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அந்தக் காலத்தில் அதற்குச் சோதனையே கிடையாது. யாரையும் குறை சொல்ல முடியாது. என் அருவருப்பெல்லாம் சோதனை வந்த பிறகு நடந்ததைப் பற்றி.

2001-இல் சட்டம் வந்தது. கொடுக்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் ஹெப்படைட்டிஸ் சி பார்க்க வேண்டும், இருந்தால் ரத்தத்தைக் கொட்டிவிட வேண்டும், கொடுத்தவரைக் கூப்பிட்டுத் தனியாக உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். வங்கிக்காரர்கள் முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தார்கள். மூன்றாவதற்கு ஓர் ஆள் போட வேண்டும். போடவில்லை. ஆள் இல்லாததால் அந்த வேலை கவுண்டரில் இருந்த அம்மாவின் தலையில் விழுந்தது. முதலில் இரண்டு பேருக்குச் சொல்லிப் பார்த்தாராம். ஒருவர் மயங்கி விழுந்தார். இன்னொருவர் கவுண்டர் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். அதற்குப் பிறகுதான் "ரத்தம் கொஞ்சம் கம்மி" கண்டுபிடிக்கப்பட்டது. யாரும் அழ மாட்டார்கள், கண்ணாடி உடையாது, கொடையாளர் சிரித்துக்கொண்டே பிஸ்கட் பொட்டலத்தோடு திரும்பிப் போவார்.

அந்த ஹாலை நான் பார்த்திருக்கிறேன். வழவழப்பான நாற்காலி உறைகள். உட்கார்ந்து எழுந்தால் முழங்கை ஒட்டும். சுவரில் சிரிக்கிற ரத்தத் துளியின் படம், கையும் காலும் போட்டு. பாதி குடித்து வைத்த ஜூஸ் டம்ளர்களில் ஈ. ஓரத்தில், மூடி சரியாக மூடாத மஞ்சள் வாளியிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு மேலே ஒரு பலகை: தூய்மை எங்கள் உயிர்மூச்சு.

முதல்முறை திருப்பி அனுப்பப்பட்ட அன்று இரவு சாப்பிடும்போது லிப்ட்டு சொன்னான்: "மாமா, விரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்து மயில்துத்தத் தண்ணியில விடுவாங்க. நீலமா இருக்கும். சொட்டு மூழ்குனா ரத்தம் நல்லா இருக்கு. மிதந்தா கம்மி. என்னோடது கல்லு மாதிரி மூழ்குச்சு. நான் பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"'மூழ்கிடுச்சே மேடம்'னு கேட்டேன். 'மெதுவா மூழ்குச்சு'ங்கிறாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கும் ஒரு வேகக் கணக்கு இருக்கும்டா, அவங்களுக்குத்தானே தெரியும்" என்றேன். அவனும் ஒப்புக்கொண்டான். லிப்ட்டைத் தாங்கும் இரும்பு வடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்கிறவன், தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு ஒரு கவுண்டரை நம்பினான். ரத்தத்தையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் ரத்தத்தைப் பற்றிப் பொய் சொல்வார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவிக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா வீட்ல சோறு போடாம ரத்தம் வத்திப் போச்சுன்னு நாளைக்கு நாலு பேரு பேசவா? டேய், இன்னையிலிருந்து நான் வைக்கிறதைத் தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும்."

அன்று தொடங்கியது. ஈரல், பீட்ரூட், பேரீச்சம்பழம், சிவப்பு டானிக். கிடங்குக்குப் பக்கத்து மருந்துக்கடையில் எனக்குத் தள்ளுபடி உண்டு. மாத்திரை நான் வாங்கி வருவேன். நாக்கு கறுத்தது, வயிறு கட்டியது. "அக்கா, என்னைக் காந்தம் இழுக்கும்போல இருக்கு" என்பான். அவள் தட்டில் இன்னொரு துண்டு ஈரல் வைப்பாள்.

ஒரு வருடம் அவனே வெளி லேப் ஒன்றில் காசு கொடுத்துப் பார்த்தான். ஹீமோகுளோபின் பதினைந்துக்கு மேல். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் கவுண்டரில் நீட்டினான். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அது வெளி லேப். அவங்க கணக்கு வேற, எங்க கணக்கு வேற." பிறகு, பாவமாக இருந்திருக்க வேண்டும், இரண்டு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து அனுப்பினார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தான். நாங்கள் டீயோடு சாப்பிட்டோம். எழுதும்போது அந்த ருசி இன்னும் வாயில் வருகிறது.

2013 ஜூனில் அவன் கால் வீங்கியது. படி ஏறுகிற கால்தானே என்று விட்டோம். பிறகு வயிறு வீங்கியது. ஒருநாள் காலை முகம் கழுவும் தொட்டியில் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் கல்லீரல் பார்க்கும் பெண் டாக்டர், வயது சின்னதுதான், சோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "ஹெப்படைட்டிஸ் சி எத்தனை வருஷமா இருக்குன்னு தெரியும்?"

"எனக்கா?" என்றான் லிப்ட்டு.

"ரத்தம் குடுக்கிறவர்னு சொன்னீங்களே. அவங்க கண்டிப்பா டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. சொல்லியிருப்பாங்களே?"

"ரத்தம் கம்மின்னு சொன்னாங்க."

டாக்டர் தாளை மேசையில் வைத்தார். என்னென்ன மருந்து சாப்பிட்டான் என்று கேட்டார். நான் பட்டியல் சொன்னேன். எனக்குத்தான் மனப்பாடமாக இருந்ததே. இந்த நோய் உள்ள கல்லீரலில் இரும்பைச் சேர்ப்பது எரிகிற அடுப்பில் விறகை வைப்பது போல என்று பொறுமையாக விளக்கினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"இதுக்கு ஊசி இருக்குங்களா?" என்றாள் என் மனைவி.

"இருக்கும்மா. இந்த நிலைமையில இவர் உடம்பு தாங்காது. பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா போட்டுப் பார்த்திருக்கலாம்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லிப்ட்டு வெகுநேரம் எதிரே இருந்த ஆஸ்பத்திரி லிப்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு மூடும்போது ஓர் உதறல் இருந்தது. "ரோலர் தேஞ்சிருக்கு" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, என்கிட்ட மட்டும்தான் அப்படிச் சொன்னாங்களா?"

அதைக் கேட்கத்தான் மறுநாள் வங்கிக்குப் போனோம். கவுண்டர் அம்மா அவனுடைய வயிற்றைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். கணினியைத் தட்டிப் பார்த்தார், பார்க்க அவசியமே இல்லாதபோதும். ஆறுதலாகச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு மட்டும் இல்ல சார். இந்தக் கேஸ் எல்லாருக்கும் நாங்க அப்படித்தான் சொல்றது."

"எல்லாருக்கும்னா?"

"வர்றவங்க எல்லாருக்கும். பெரிய டாக்டர்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல?"

பெரிய டாக்டர் என்பவர் அந்த வங்கியின் பொறுப்பு அதிகாரி. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். கையைப் பிசைந்துகொண்டே பேசினார். ஆள் போடச் சொல்லி மேலே எழுதியதாகவும், மேலே இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும், கொடையாளர்களின் மானம் காப்பது வங்கியின் கொள்கை என்றும் சொன்னார். லிப்ட்டு டீயைத் தொடவில்லை.

"சார், 2001-க்கு முன்னாடி நான் குடுத்தது யாருக்குப் போச்சு?"

"அந்தப் பதிவேடெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சுப்பா."

"சரி. அதுக்கப்புறம் என்னை மாதிரி வந்தவங்க பேரு இருக்குமே? அவங்களுக்குச் சொல்லிடுங்க. அது போதும். இன்னும் எவனெவன் ஈரல் வறுத்துத் தின்னுட்டிருக்கானோ."

"அது ரகசியம்ப்பா. வெளிய விட முடியாது."

"யாருக்கு ரகசியம் சார்? அவங்களுக்கேவா?"

அதிகாரி டீயைக் குடித்தார். உதட்டில் ஒட்டிய ஆடையை நாக்கால் துழாவி எடுத்தார். அதை நான் மறக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

அதிலிருந்து லிப்ட்டுவுக்கு இந்த ஒன்றுதான் வேலை. தனக்கு இனி ஒன்றும் ஆகப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்ல வைக்க வேண்டும், தான் இருக்கும்போதே. நான் வங்கிக்கு எழுதினேன், சுகாதார அலுவலகத்துக்கு எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது, இரண்டிலிருந்தும், ஒரே எழுத்துப் பிழையோடு. கடிதத்தால் ஆகாது என்று அவனே வங்கி ஹாலில் போய் உட்கார ஆரம்பித்தான். ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம், "அண்ணே, ரத்தம் கம்மின்னு சொன்னா விடாதீங்க, என்ன கம்மின்னு கேளுங்க" என்பான். காவலாளியைக் கூப்பிட்டு வெளியேற்றச் சொன்னார்கள். காவலாளி அவனுக்குப் பதினைந்து வருடச் சிநேகிதன். கையைப் பிடித்து மெதுவாக வாசல் வரை கூட்டிப் போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மறுபடி உள்ளே விட்டுவிடுவான்.

டிசம்பரில் ஒருநாள் நானும் கூட இருந்தேன். வயிற்றில் நீர் எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நடப்பான் என்று நான் நம்பவில்லை. கீழே லிப்ட்டில் நாங்கள் ஏறினோம். கதவு மூடப் போகும்போது பெரிய டாக்டர் ஓடி வந்து ஏறிக்கொண்டார். எங்களைப் பார்த்ததும் இறங்க நினைத்தார், அதற்குள் மூடிவிட்டது. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிப்ட் நின்றது. மின்விசிறியும் நின்றது.

"என்னாச்சு?" என்றார் அதிகாரி.

லிப்ட்டு சுவரில் சாய்ந்து நின்றான். மூச்சு வாங்கியது. "ஒண்ணும் இல்ல சார். எண்ணெய் கொஞ்சம் கம்மி."

"எப்ப சரியாகும்?"

"நல்லாச் சாப்பிட்டா சரியாயிடும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கே விளங்கவில்லை. லிப்ட்டு மேலே கையைக் காட்டினான். "சார், இதைத் தொங்கவிட்டிருக்கிறது அஞ்சு வடம். அதுல ஒண்ணு இழை இழையா அறுந்திருக்குன்னு வெச்சுக்கங்க. எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொன்னா பயப்படுவீங்க, கத்துவீங்க, கண்ணாடியைக்கூட உடைப்பீங்க. அதனால எண்ணெய் கம்மின்னு சொல்றேன். தினமும் ஏறுங்க, இறங்குங்க. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல?"

"வடம்... அறுந்திருக்கா?"

"நீங்களே சொல்லுங்க. நான் எதைச் சொல்லணும்?"

அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவை இரண்டு கையாலும் தட்டினார். யாரும் வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் மூன்று பேரின் வேர்வையும், லிப்ட்டுவின் மூச்சில் வந்த அழுகல் வாடையும் நிறைந்திருந்தன. கல்லீரல் கெட்டவர்களின் மூச்சில் அந்த வாடை வரும். அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடினார். அதைப் பார்த்ததும் லிப்ட்டு சிரித்தான்.

"இது உங்க பிஸ்கட் வாசனை சார்."

அதிகாரி கீழே உட்கார்ந்துவிட்டார். நல்ல பேண்ட், அழுக்குத் தரை. தலை நிமிராமலே சொன்னார்: "எழுதுறேன். எல்லாருக்கும் கடிதம் போடுறேன். என் பொறுப்பிலயே போடுறேன்."

"மாமா, கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் லிப்ட்டு. கேட்டேன் என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து, பட்டன் பலகைக்குக் கீழே இருந்த ஓட்டையில் போட்டுத் திருப்பினான். நிறுத்தியதும் அதே சாவிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசிறி சுற்றியது. லிப்ட் ஏறியது.

"வடம்?" என்றார் அதிகாரி எழுந்திருக்க முடியாமல்.

"புதுசு சார். போன வருஷம் நானே மாத்தினேன். உங்களை மாதிரி எனக்கு வராது."

அதற்குப் பிறகு அவன் வெளியே போகவில்லை. மாடி அறையில் படுக்க முடியாமல் கீழே கூடத்தில் கட்டில் போட்டோம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் தூக்குவான். "வந்துச்சா மாமா? யாருக்காச்சும் வந்துச்சாமா?" நான் வங்கிக்குப் போன் செய்து கேட்பேன். மேலிட ஒப்புதலுக்குப் போயிருக்கிறது என்பார்கள். ஒப்புதல் வந்துவிட்டது, அச்சகத்தில் இருக்கிறது என்பார்கள். அச்சாகிவிட்டது, கையெழுத்துப் போட ஆள் லீவில் இருக்கிறார் என்பார்கள். நான் ஒவ்வொன்றையும் அவனிடம் அப்படியே சொன்னேன். எதையும் குறைத்தோ இனிப்பாக்கியோ சொல்லக் கூடாது என்பது அவன் எனக்குப் போட்ட நிபந்தனை. மார்ச்சில் நினைவு தப்பியது. அக்காவையே "மேடம்" என்று கூப்பிட்டான். 2014 மார்ச் 27-ஆம் தேதி விடியற்காலை இறந்தான். வங்கியிலிருந்து ஒருவரும் வரவில்லை. காவலாளி மட்டும் சீருடையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டுப் போனான்.

நான் போன் செய்வதை நிறுத்தவில்லை. குரலைக் கேட்டதுமே வைத்துவிடுவார்கள், மறுபடி போடுவேன். ஜூலைக் கடைசியில் காவலாளி வந்து சொன்னான்: "ஐயா, ஹால் முழுக்க கவரா கிடக்கு. கவுண்டர் அம்மா ஒட்டி ஒட்டி நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்காங்க." எல்லோருக்குமா என்றேன். "லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும்தானாம்" என்றான்.

லிஸ்ட்டில் அவனும் இருந்தான். எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் முகவரிக்கு, அவன் பெயருக்கு, ஒட்டிய கவர் ஒன்று வந்தது. அச்சடித்த தாள், பெயர் மட்டும் மையில், அதிலும் ஓர் எழுத்து தவறு. அன்புள்ள கொடையாளர் அவர்களுக்கு, தாங்கள் அளித்த ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் சி கிருமிக்கான அறிகுறி தென்பட்டுள்ளது, தாமதம் செய்யாமல் மருத்துவரை அணுகவும், தங்கள் நலனில் என்றும் அக்கறை கொண்டுள்ளோம். கடித எண் 212 என்று போட்டிருந்தது. அப்படியானால் இன்னும் இருநூற்றுப் பதினொரு வீடுகளுக்காவது போயிருக்கும். அவற்றில் எத்தனை பேர் பிரித்துப் படிக்கிற நிலையில் இருந்தார்களோ தெரியாது. என் மனைவி வாங்கிப் படித்தாள். "தூ" என்றாள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, "வெச்சுக்கங்க, உங்களுக்குத்தான் தேதி வேணுமே" என்று என் மேசையில் போட்டாள்.

வந்த நாள் 2014 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.